மூன்றாம் சுற்றில் சாந்தினி அக்கா சொன்ன பெயர்

தாய்சேய் நிலையத்தில் மகளுக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது கணவர் அழைத்தார். "சாந்தினி அக்கா செத்துப்போனா. மூளையிலை இரத்தம் கசிஞ்சதாம்." சொல்லிவிட்டு, நான் அழுவேன் என்று பயந்தாரோ என்னவோ, "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சோ?" என்று கேட்டார். அன்று முழுக்க மகளுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தேன். அழ நேரம் கிடைக்கவில்லை.

பொழுதுபட முதல் எங்கள் உதைபந்தாட்டக் கழகத் தலைவர் அழைத்தார். "முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்கோ தங்கச்சி. பழைய கதையள் வேண்டாம்." பழைய கதைகளை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி நான் என்னத்தை எழுத? பிள்ளை எழும்ப முதல், எழுத நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தினி அக்கா பிரெஞ்சுப் புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்தார், பஸ் ஓட்டினார். ஒவ்வொரு கோடையும் எங்கள் கழகத்தில் நான்கு அணிகள் மோதும். ஆட்டக்காரர்கள் எல்லோருடைய பெயரும் பொதுவில் கிடக்கும். தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்அறையில் தலைவர் உட்பட நான்கு தெரிவாளர்கள் கூடியிருந்து, ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று மாறி மாறித் தங்கள் அணிக்கு எடுப்பார்கள். ஒரு வருடம் தெரிவாளர் ஒருவர் கனடாவுக்குப் போய்விட, ஆள் கிடைக்காமல் அந்தக் கதிரையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். "பஸ் ஓட்டுற ஆளுக்குப் பந்து தெரியுமோ?" என்று ஒரு அண்ணை கேட்டார். "பந்து தெரியாது. ஆக்களைத் தெரியும். நாள் முழுக்க ஏத்தி இறக்கிறன்," என்றார் அக்கா.

கல்வெட்டின் நடுப்பக்கத்துக்குக் கழகம் ஒரு தெரிவு செய்திருக்கிறது. சுற்று வாரியாக, இதுவரை எடுத்ததில் சிறந்த ஆட்டக்காரர்கள். அச்சுக்குப் போக முதல் எனக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே எடுத்தவரின் பெயர் இருக்கிறது. அக்காவின் பெயர் ஒரு சுற்றிலும் இல்லை. ஆகவே என்னுடைய தெரிவை இங்கே தருகிறேன்.

முதல் சுற்று: கஜன், கோல் காப்பாளர். இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு வன்னியிலிருந்து தனியே வந்தவன். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மற்ற மூவரும் முதல் சுற்றில் வழக்கம்போலத் தங்கள் ஊர்ச் சங்கத்துப் பெடியளை எடுத்தார்கள். எடுக்காவிட்டால் அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுக்க முடியாதே! கஜனுக்காகப் பேச அந்த அறையில் ஒரு ஊரும் இருக்கவில்லை. "அவங்கள் ஊரை எடுப்பாங்கள். நாங்கள் ஆளை எடுப்பம்," என்று, பெயர்களைக் குறித்துக் கொடுக்கப் பக்கத்தில் இருந்த என் காதுக்குள் சொன்னார் அக்கா. அந்தக் கோடை வெற்றிக் கிண்ணம் எங்கள் அணிக்கு. கோப்பை கழுவுற கை என்று சிரித்தவர்கள் அந்தக் கையைத் தாண்டி ஒரு பந்தும் போடவில்லை.

இரண்டாம் சுற்றில் அக்காவும் பிழைவிட்டவர்தான். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தடியில் கண்டுபிடித்த ஒரு நெட்டைப் பெடியன். இறுதி ஆட்டத்தில் அருமையான கோல் ஒன்று அடித்தான், எங்கள் கோலுக்குள். "தலையாலை அடிக்கிறதை வடிவாச் செய்தான். என்ன, திசைதான் பிழைச்சுப்போச்சு," என்று அக்கா அவனுக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் சுற்று நிலவன். தலைவரின் மகன். அவனைப்போல ஓடக்கூடியவன் கழகத்திலேயே இல்லை என்பது தலைவருக்கும் தெரியும். ஆனால் அவர் முதல் சுற்றில் ஊரவர் ஒருவரின் மகனையும், இரண்டாம் சுற்றில் சம்பந்தி வீட்டுப் பெடியனையும் எடுத்தார். நிலவனைக் கடைசிக்கு விட்டுவைத்தார். தலைவரின் மகனை வேறு யார் தொடப் போகிறார்கள்? மற்ற இருவரும் மரியாதைக்குத் தாண்டிப் போனார்கள். அக்கா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நிலவன்," என்றார்.

"சாந்தினி, உது என்ர மகன்," என்றார் தலைவர்.

"ஓம் அண்ணை. நீங்கள் ரெண்டு தரம் எடுக்கேல்லை."

இறுதி ஆட்டத்தில் நிலவன் தகப்பனின் அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான். லா கூர்னெவ் மைதானத்தில் நின்ற யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த குளிர்காலம் கழகத்தில் ஒரு புது விதி வந்தது. தெரிவாளர் முன்பு போட்டிகளில் விளையாடியவராக இருக்க வேண்டும். அதற்குக் கை உயர்த்தியவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் செத்தவீட்டில் அக்காவின் காலடியில் நின்று அழுததையும் பார்த்தேன். போன கோடை அக்கா மைதானத்துக்குள் வரவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். நான் பிள்ளை வண்டிலோடு பக்கத்தில் நின்றேன். "விடுங்கோ அக்கா, அவங்களை மன்னிச்சிடுங்கோ," என்றேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "மன்னிக்கிறதுக்கு அவங்கள் முதல்லை கேக்கவேணும் பிள்ளை."

இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, நடுப்பக்கத்தில் மூன்றாம் சுற்றுக்குக் கீழே "நிலவன்: தலைவரின் கண்டெடுப்பு" என்று போட்டிருக்கிறார்கள். பெற்றெடுத்தது உண்மை. கண்டெடுத்தது அக்கா.

நான் பயந்த ஆள். பிள்ளை தும்மினால் வைத்தியரிடம் ஓடுகிறவள், கூட்டத்தில் வாய் திறக்காதவள். இதை அனுப்பிய பிறகும் நித்திரை வரப்போவதில்லை. ஆனாலும் அக்காவின் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அது தவிர அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு வேறொன்றும் வேண்டாம். இந்தக் கோடை அக்காவின் கதிரைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அக்காவை வெளியே போடுவதற்காக நீங்கள் எழுதிய விதியை ஆறுதலாக எடுத்து வாசியுங்கள். நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு விளையாடியவள். படங்கள் இருக்கின்றன, காலில் தழும்பும் இருக்கிறது.

தலைவர் அவர்களே, இந்த முறை மகனை முதல் சுற்றிலேயே எடுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு விட்டால் நான் எடுப்பேன்.