மிஸ் எரித்த மூன்று போர்டுகள்

ரோபோ சொல்லித்தரும் வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, புகை வரும்போதும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது. டியூஷன் எடுத்து அவதிப்பட்டிருந்தால் உங்களுக்கு இது புரியும். மயிலாப்பூரில் ஒரு சின்ன ரோபோ வகுப்பில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. பிள்ளைகள் ரோபோ போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போனால் வேலை நிரந்தரம் என்றார் டைரக்டர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேலை போனால் சைதாப்பேட்டையில் ஒரு தெருவுக்கே பதில் சொல்ல வேண்டும்.

முதல் புகை

போட்டியில் ரோபோவோடு ஒரு குறிப்பேடும் கொடுக்க வேண்டும். செய்தது, கெட்டது, திருத்தியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிறந்த குறிப்பேட்டுக்கும் அடுத்த சுற்று உண்டு. “எதையும் மறைக்காம எழுதணும்” என்று பிள்ளைகளிடம் உபதேசம் செய்தேன்.

மறுநாளே பேட்டரியின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நான் மாற்றி மாட்டினேன். ரோபோவின் சர்க்யூட் போர்டு புகைந்தது. குறிப்பேட்டுக்குப் பொறுப்பு ஏழாம் வகுப்பு அஃப்ரீன். பேனா மூடியைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கேட்டாள்: “மிஸ், உங்க இனிஷியல் என்ன?”

ஆட்டோவில் ரோபோ

போட்டி அடையாறில். ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். பந்தைப் பிடித்துத் தூக்க அதற்கு ஒரு கை உண்டு. சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்த்தேன். நான்காவது முறை நானே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. வேகத்தடையில் வண்டி குதித்ததும் அந்தக் கை நீண்டு, ஓட்டுநரின் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அவர் ஓரமாக நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார்: “மீட்டர் போட்டுத்தானம்மா ஓட்டிக்கினு வரேன்? இன்னாத்துக்குச் சட்டையப் புடிக்குது?”

பெருந்தன்மை

ஐந்து பந்துகளைக் கூடையில் போட வேண்டும். எங்கள் ரோபோ பந்துகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் கூடையையே தூக்கிக்கொண்டு போய் எதிரணிப் பையனிடம் நீட்டியது. மதிப்பெண் பூஜ்யம். அவன் பணிவாக வாங்கிக்கொண்டான். “தேங்க்ஸ்க்கா. உங்க ரோபோ ரொம்ப நல்ல மாதிரி.”

மைக்கில் என் பெயர்

இனிக் குறிப்பேடுதான் கதி. அதில் பக்கத்துக்குப் பக்கம் நான். சில பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்திருந்தேன்; மனசு வரவில்லை. டைரக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நடுவர் அம்மா மைக்கில் வாசித்தார்: “‘மூன்றாவது போர்டும் எரிந்தது. காரணம்: மிஸ். மிஸ் அழவில்லை, கண் மட்டும் கலங்கியது. நாளை முதல் வயரில் கலர் டேப் ஒட்டுவோம்.’”

அரங்கமே சிரித்தது. நான் குனிந்து, கட்டாத ஷூ லேஸைத் தேடினேன், போட்டிருந்தது செருப்பு. தவறு, காரணம், திருத்தம் மூன்றையும் ஒளிக்காமல் எழுதியது இவர்கள் மட்டும்தான் என்று சொல்லி நடுவர் முதல் பரிசைக் கொடுத்தார். அடுத்த சுற்று!

டைரக்டர் குறிப்பேட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு என்னிடம் வந்தார். “வேலை நிரந்தரம்மா. பேட்டரி பக்கம் மட்டும் போயிடாதீங்க.”

ஆக, சான்றிதழ்கள் எல்லாம் பீரோவில் தூங்க, எனக்கு வேலை வாங்கித் தந்தது என் தப்புகளின் பட்டியல்தான்.