நாகவல்லியின் இரண்டாவது மாத்திரை

நாகவல்லிக்குத் தீட்டு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. விட்டது தொல்லை என்று மூச்சு விடுவதற்குள் உடம்பு வேறு விதமாகப் படுத்தத் தொடங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பி, கழுத்தைத் தாண்டி உச்சந்தலைக்கு ஏறும். ரவிக்கை தொப்பலாக நனைந்துவிடும். ஒருநாள் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம், "இன்னாமா, எங்கனா மழைல நனைஞ்சிகினு வந்தியா?" என்று கேட்டார். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே வேலை பார்த்தாள். போர்த்தினால் இன்னும் வேர்த்தது.

தூக்கம் போயிற்று. தொட்டதற்கெல்லாம் கணவர் பாஸ்கரன் மேல் எரிந்து விழுந்தாள். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாருனா லேடி டாக்டர போய்ப் பாரேன்" என்றார். குடியிருக்கிற நெமிலிச்சேரியில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டியிருக்கும். வேலை விட்டு வருகிற வழியில், அம்பத்தூரிலேயே டாக்டர் நஜ்மாவிடம் போனாள்.

"தீட்டு நிக்கிற வயசுல ஹார்மோன் குறைஞ்சுபோவும். அதான் இந்த அனல். கொஞ்ச நாளைக்கு அதை மாத்திரையா குடுப்போம்" என்றார் டாக்டர். ஒரு மாத்திரை தினமும். இன்னொன்று மாதக் கடைசியில் சில நாள் மட்டும். அதற்குள் அடுத்த ஆள் அழுகிற குழந்தையோடு உள்ளே வந்து நின்றாள். டாக்டரும் மேற்கொண்டு சொல்லவில்லை, நாகவல்லியும் கேட்கவில்லை. சீட்டை மடித்து எழுந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரமே அனல் தணிந்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் மகள் கண்ணம்மாவுக்கு வெள்ளானூரில் மாமியார் வீட்டில் சீமந்தம். ஐந்து வகை சோறு கிளறி, தட்டு வரிசையோடு போய் இறங்கினாள் நாகவல்லி. மணையில் உட்கார்ந்த மகளுக்கு முதல் வளையலைப் போடப் பெற்றவளைக் கூப்பிட்டார்கள். வளையலைக் கையில் எடுத்தவளின் தோளைப் பின்னாலிருந்து பிடித்தாள் சம்பந்தி கெங்கம்மாள்.

"கொஞ்சம் இப்டி வாயேன்."

சமையலறைக்குள் இழுத்துப் போய்க் காதோரம் சொன்னாள்: "பின்னால பொடவய பாரு. இன்னா சம்பந்தி, பேரன் பொறக்கப்போற நேரத்துல இதெல்லாம் இன்னும் கீதா ஒனக்கு?"

நின்றுபோனது எப்படித் திரும்ப வந்தது என்று நாகவல்லிக்கே புரியவில்லை. மாத்திரை என்று சொன்னால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். வெளியே தலைவலி என்று சொல்லும்படி சம்பந்தியிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கூடத்தில் யார் யாரோ வளையல் போடுகிற சத்தம் கேட்டது. நடுவில் கண்ணம்மாவின் குரல், "எங்கம்மா எங்க?" என்றது. இவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வரும்போது வழியெல்லாம் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது மாத்திரை முடிந்த மறுநாள்தான் தீட்டு வந்தது என்பதை நாகவல்லி யோசித்துக் கண்டுபிடித்தாள். அடுத்த மாதத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அந்த மாத்திரையைச் சாக்கடையில் போட்டாள். முதல் மாத்திரையை விட மனமில்லை. அதை மட்டும் விழுங்கி வந்தாள். மாதங்கள் போயின. தீட்டு வரவில்லை. கண்ணம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

பிறகு ஒரு மாலை, அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தபோது அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. கட்டி கட்டியாக இறங்குவது தெரிந்தது. எழுந்தால் பெஞ்சில் கறை தெரியும். அவள் ஏற வேண்டிய வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஊரே அவளைத் தாண்டி வீடு திரும்பியது. கூட்டம் கரைந்தபின் முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, டிபன் பையைப் பின்னால் பிடித்தபடி டாக்டரிடம் நடந்தாள்.

"ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா போடுறீங்களா?"

"போட்டுகினுதாம்மா கீறேன்."

பரிசோதித்த டாக்டரின் முகம் இறுகியது. "ஒழுங்கா போட்டும் இவ்ளோ ரத்தம்னா எனக்குப் பயமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். கர்ப்பப்பையையே எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க."

பேனா காகிதத்தைத் தொட்டதும் நாகவல்லி மேஜையின் விளிம்பைப் பிடித்தாள். "எழுதாதீங்கம்மா. பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்து, சீமந்தம், சம்பந்தி, சாக்கடை எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "மாசாமாசம் ரத்தம் வரும்னு நான் சொல்லலையா உங்களுக்கு?"

"இல்லம்மா."

"அப்ப தப்பு என்னோடதும்தான். முதல் மாத்திரை கர்ப்பப்பை உள்சவ்வைத் தடிக்க வைக்கும். அது சேராம இருக்கத்தான் ரெண்டாவது. அதை விட்டா பின்னால புத்துநோய்கூட வரலாம்."

ஸ்கேன் எடுத்தார்கள். உள்சவ்வைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பாஸ்கரனிடம்கூட அவள் விவரம் சொல்லவில்லை. கெடுதல் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் முதல் மாத்திரையின் அளவைப் பாதியாக்கி, இரண்டாவதையும் சிறு அளவில் தினமும் போடச் சொன்னார். சில மாதம் ரத்தம் லேசாகப் பட்டுப் பட்டு நின்றது. அனல் முழுதும் போகவில்லை. தாங்குகிற அளவில் இருந்தது.

நாகவல்லி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், பிறந்த வீட்டுக்கு வந்திருந்த கண்ணம்மாவாகவே கேட்டாள். "நீ எனக்கு வளையல் போடலயேன்னு எங்க மாமியா ஊட்டு சொந்தக்காரங்க இன்னமும் கேக்குறாங்க. அன்னிக்கு இன்னாமா ஆச்சி ஒனக்கு?"

நாகவல்லி சொன்னாள். சொல்லும்போது குழந்தையின் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதுக்கா? என்னாண்ட சொல்றதுக்கு இன்னாமா?" என்றாள் மகள். "ஒனக்கு என்னப் புடிக்கலன்னு நெனச்சி எத்தினி நாளு அழுதேன் தெரியுமா."

சம்பந்தி முன்னால் குறுகியது ஒரு வகை. மகள் முன்னால் குறுகுவது அதைவிடக் கனத்தது. எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல் நாகவல்லி, "போய் வெந்நி எடுத்துகினு வா, கொழந்த சில்லுன்னு கீது" என்றாள்.