செல்லக்கண்ணு போட்ட கையெழுத்து

"தள்ளிப் போம்மா... காலு மாட்டிக்கினா என்னியச் சொல்லக் கூடாது!"

பாகூர் வயல்களில் அறுப்பு மெஷின் ஓட்டும் செல்லக்கண்ணு இப்படி அதட்டுவது கொக்குகளை. மெஷின் கிளப்பிவிடும் பூச்சிகளுக்காக அவை கூடவே வரும். அத்தனையும் அவருக்கு 'ம்மா'தான். ஐம்பத்திரண்டு வயது. நாளைக்கு எட்டு டீ. எட்டிலும் சர்க்கரை போதாது என்பார். பேச ஆளில்லாவிட்டால் மெஷினோடு பேசுவார்.

மூன்று வருடத்துக்கு முன், தை அறுப்பு நேரத்தில், அந்தப் பேச்சு நின்றுபோனது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் பத்து நாளாகக் கஞ்சியைக்கூடத் தொடவில்லை. இது கடுமையான மனச்சோர்வு, மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும், அதுவரை உடம்பு தாங்காது, மின்சிகிச்சை கொடுக்கலாம் என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அருள்மொழி.

"கரண்ட் வெச்சா ஆளு பொம்மையாயிடுவான்" என்று குதித்தார் மைத்துனர் பலராமன்.

"மயக்க மருந்து குடுத்துதான் செய்வோம். அது இல்லாம செய்யச் சட்டத்துலயே இடமில்ல" என்றார் டாக்டரம்மா. செல்லக்கண்ணுவிடமே குனிந்து கேட்டார். அவர் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் சார்பில் மனைவி விஜயராணி கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது தடவை கொடுத்து முடிந்த மறுநாள் செல்லக்கண்ணு டீ கேட்டார். அடுத்த படிவத்தை டாக்டரம்மா அவரிடமே நீட்ட, விஜயராணி குறுக்கே கை நீட்டினாள்.

"அவுரு வாணாம்னுட்டா? நானே போட்டுர்றேம்மா."

"இப்ப அவருக்குப் புரியுது. இனி அவர்தான் சொல்லணும். வேணாம்னா நிறுத்திடுவோம்."

செல்லக்கண்ணு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். ஞாபகம் போகுமா என்று கேட்டார். கொஞ்சம் போகலாம், சிலது திரும்பாமலும் போகலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். பிறகு செல்லக்கண்ணு மனைவியிடம் திரும்பினார்.

"மொத மூணுக்கு என்னிய ஒரு வார்த்த கேக்கலியே நீ."

"கேட்டன்யா. கெஞ்சனேன். நீதான் வாயே தொறக்கல."

மறுநாள் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். சித்திரை பிறக்குமுன் மெஷின் ஏறிவிட்டார்.

ஞாபகத்திலிருந்து தொலைந்தது, படுப்பதற்குச் சற்று முன் நடந்த மகள் மகாலட்சுமியின் கல்யாணம். போட்டோவில் மாப்பிள்ளை பக்கத்தில் சிரித்தபடி நிற்கிறார்; மனசில் ஒன்றுமில்லை. "சாம்பார் சூப்பராமே" என்பார், ஊரார் கல்யாணம் போல. சொல்லிவிட்டு போட்டோவை இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்பார். திரும்பவும் அப்படிப் படுத்துவிட்டால் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று சாட்சி வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்காகப் பேச வேண்டியது விஜயராணி. "பலராமன் மச்சான் கோச்சிக்கினா கோச்சிக்கட்டும்" என்பார்.

போன வாரம் கரிக்கலாம்பாக்கம் புவனேஸ்வரி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் தம்பி அரிகரனுக்கும் அதே சிகிச்சை சொல்லியிருந்தார்கள். வீடு நிறையச் சொந்தம், ஆளுக்கொரு பேச்சு.

"நீ பட்டவனாச்சேண்ணே. கையெழுத்து போடலாமா, வாணாமா? நீயே சொல்லு" என்றாள் புவனேஸ்வரி.

செல்லக்கண்ணு அவர்களுக்கு முதுகைக் காட்டி, அரிகரன் படுத்திருந்த பாயருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாபா... உனுக்கு இன்னா தோணுது?"

கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.