மைக்கக்காவும் ஒன்பது ஆட்டக்காரர்களும்

என் மனைவி வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். குறை சொல்லவில்லை, அதுதான் அவள் வேலை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குடை கண்டெடுக்கப்பட்டது, எல்லாம் அவள் குரலில்தான் வரும். எதிரே டயர் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தக் குரலிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. ஓட்டுநர்கள் அவளை மைக்கக்கா என்பார்கள். என்னை மைக்கக்கா வீட்டுக்காரர் என்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது.

அவள் உட்காரும் அறிவிப்பு அறையில் மைக்குக்குப் பொத்தான் கிடையாது. மேசைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் மைக் பேசும், காலை எடுத்தால் அடங்கும். எந்த வண்டி எப்போது என்று எழுதிய வண்டிச் சீட்டுகளைக் கைகள் புரட்ட வேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பல வருடப் பழக்கத்தில் அவளுக்கு வாயும் வலது காலும் ஒன்றாகிவிட்டன. எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் கால் தானாகத் தரையை மிதிக்கும். வீட்டில் என்னைத் திட்டும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்த்தாலே கோபத்தின் அளவு தெரிந்துவிடும்.

அவளுக்கு இருக்கும் இன்னொரு பைத்தியம் புத்தகம். அதிலும் ஒரு தொடர் என்றால் உயிர். ஒரு கால்பந்து அணி, ஒன்பது புத்தகம், ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரனுக்குக் காதல் வரும். சும்மா வராது, கதவைச் சாத்திக்கொண்டு வரும். பக்கத்துக்குப் பக்கம் சூடு, நடுநடுவே வயிறு வலிக்கச் சிரிப்பு. ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்ததும் தன் கருத்தைப் போனில் பேசிப் பதிவு செய்து, தன் வாசகிகள் குழுவுக்கு அனுப்புவாள். அதைக் கேட்பதற்கென்றே தையல்காரர், செவிலியர், வக்கீல் என்று ஒரு கூட்டம் காத்திருக்கும்.

அவள் தீர்ப்பு சாமானியத் தீர்ப்பு அல்ல. "மூணாவது புத்தகத்துல அவனுக்கு முழங்கால்ல அடி, நடக்கவே முடியல. அன்னைக்கு ராத்திரியே அவளைத் தூக்கிட்டு மாடி ஏறுறான். எந்த டாக்டர்கிட்ட காமிச்சான், நானும் போறேன்" என்பாள். "நாள் பூரா மைதானத்துல நின்னு அவன் தொடையையே பாத்துக்கிட்டிருந்தா, அவ வேலைக்கு யார் போவா?" என்பாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நாம கேட்ட கதையில எல்லாம் காதலிச்சா ஒண்ணு அழணும், இல்ல சாகணும். இதுல ரெண்டு பேரும் விழுந்து, கட்டில் உடைஞ்சு, உக்காந்து சிரிக்கிறாங்க. அவளைத் தொடுறதுக்கு முன்னாடி 'உனக்குச் சம்மதமா'ன்னு கேக்குறான். கேட்டா சூடு குறையும்னு நெனச்சீங்களா? ஏறுதுங்க!" என்றாள். நான் தட்டைக் கழுவப் போனேன்.

இப்படி இருக்கையில் ஒரு மதியம், ஒரு வண்டியின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிலையத்தின் அத்தனை ஒலிபெருக்கியிலிருந்தும் அவள் குரல் கிளம்பியது.

"இப்ப கோல்கீப்பர் விஷயத்துக்கு வரேன். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் பிடிக்கிற கை, ஒரு கொக்கியைக் கழட்ட ஒன்றரைப் பக்கம் எடுத்துக்குது. ஆனா அந்தக் குளியலறை அத்தியாயத்தை மட்டும் யாரும் தாண்டிப் போயிடாதீங்க. நான் ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை ஃபேனைக் கூட்டி வச்சுட்டுப் படிச்சேன். ஒரே குறை, முத்தம் குடுக்க வேண்டிய நேரத்துல நாளைக்கு ஆட்டத்துல எப்படி நிக்கணும்னு பேசுறான். டேய், வாயை மூடிட்டு வேலையைப் பாருடான்னு கத்தணும்போல இருந்துச்சு!"

எனக்குப் புரிந்துவிட்டது. இடைவேளையில் ஆறாம் புத்தகத்தைப் பற்றிப் போனில் பதிவு செய்கிறாள். அழுத்திச் சொல்லும் வேகத்தில் கால் பெடலை மிதித்துவிட்டது. வண்டி ஏறிக்கொண்டிருந்தவர்கள் படியில் ஒரு காலோடு நின்றார்கள். ஓர் ஓட்டுநர் நன்றாகக் கேட்க வேண்டும் என்று எஞ்சினையே அணைத்துவிட்டார். நான் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

அறைக்குள் நிலைய மேலாளர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். "குடும்பத்தோட ஜனங்க வந்து போற இடம்மா இது. ரெண்டு பேர் எங்கிட்டயே வந்து புகார் சொல்லிட்டாங்க. இந்த மாதிரி அசிங்கமான புத்தகம் படிச்சதுக்கு வெட்கப்படுறேன், மன்னிச்சிடுங்கன்னு இதே மைக்ல சொல்லுங்க. இல்லன்னா நாளையிலருந்து பார்சல் பிரிவுக்குப் போயிடுங்க."

அவள் முகம் வெளிறிப்போனது. காய்ச்சலோடுகூட வந்து பேசிய மைக் அது. மூட்டைகளுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "சொல்லிடேன், ரெண்டு வரிதானே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்காமல் விடுகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சற்று முன் நீங்கள் கேட்டது என்னுடைய சொந்தப் பேச்சு. கவனக்குறைவால் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. அந்த இடையூறுக்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." நிறுத்தினாள். மேலாளர், மேலே சொல் என்பதுபோலத் தலையாட்டினார். "அந்தப் புத்தகத்தைப் படித்ததற்கு வெட்கப்படுவதாகச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. நல்ல புத்தகம். நன்றி."

குடை கண்டெடுக்கப்பட்டதைச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள்.

"இதுவா மன்னிப்பு?" என்றார் மேலாளர்.

"செஞ்ச தப்புக்குக் கேட்டுட்டேன் சார். செய்யாத தப்புக்கு எப்படிக் கேக்குறது? பார்சல்ல யாரைப் பாக்கணும்னு சொல்லுங்க." எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

அந்த நிலையத்தில் அறிவிப்பு வராமல் எந்த வண்டியும் நகரக் கூடாது. ஏழாம் நடைமேடையில் வண்டி நிறைந்து, எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "மைக்கக்கா, எடுக்கலாமா? நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்."

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு மேசையிலிருந்த வண்டிச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஜனங்க காத்திருக்காங்க. உக்காந்து கூப்பிடுங்கம்மா."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஏழாம் நடைமேடை வண்டி கிளம்பியது.

வாசல்வரை வந்த மேலாளர் என் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இதைவிட மோசம் சார்" என்றேன். என் ஆயுசில் வேறு எதையும் நான் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.