சூசையண்ணன் கரண்ட் அடித்துச் சாகவில்லை

வயர்மேன் சூசை கரண்ட் அடித்து இறந்துவிட்டார் என்று சென்ற செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இறந்தார் என்பதை நம்பினேன், அழுதேன். கரண்ட் அடித்தது என்பதை மட்டும் மனம் ஏற்கவில்லை. அனுப்பியவரைக் கூப்பிட்டு யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் சொல்கிறார்கள் என்றார்.

அண்ணனிடம் அந்தப் பதில் செல்லாது. கெலுகோரில் எங்கள் வாசகர் வட்டத்தில் மின்சாரம் பிறந்த கதையை நான் பேசிய அன்றுதான் அவர் அறிமுகமானார். இடிமழையில் பட்டம் விட்டு மின்னலைப் பிடித்த அமெரிக்கரைப் பற்றி உருகிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் எழுந்தார், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் முப்பது வருடம் வயர் இழுத்த மனிதர்.

"மின்னல் நேரா விழுந்திருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாரு சார். கிட்ட நின்னு பார்த்தது யாரு?"

மகன் மட்டும்தான் என்றேன்.

"அப்ப வீட்டுச் சாட்சிலா," என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

பிறகு அவரிடம் காட்டாமல் நான் எதையும் பேசியதில்லை. பல்பை ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்று எழுதினால், அவருக்கு முன்னால் எரித்துப் பார்த்தவர்களை எங்கே ஒளித்தாய் என்பார். ரஷ்யாவில் இடிமின்னலைக் கம்பிவழி வீட்டுக்குள் இறக்கி அளக்கப் போய் மாண்ட விஞ்ஞானிக்காக மட்டும் வருத்தப்படுவார். கம்பியை மண்ணுக்கு இறக்காமல் விட்டாராம். "செஞ்ச வேலையெல்லாம் போச்சு சார். செத்த கதைதான் நிக்குது."

துக்க வீட்டில் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. மெயின் பெட்டிப் பக்கம் போகவே எல்லாருக்கும் பயம். ஊருக்குப் புத்தி சொன்னவர் தன் வீட்டில் கோட்டை விட்டுவிட்டார் என்று ஒருவர் என் காதில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் விசாரணை அழகில்லை, தெரியும். ஆனாலும் அவர் மனைவியிடம் போய், என்ன நடந்தது அக்கா என்று கேட்டேன்.

ஃபேன் மாட்ட ஏணியில் கால் வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். கரண்ட் என்று கத்தியது பக்கத்து வீட்டார். அப்புறம் அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கைக்குட்டை முடிச்சிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரில சட்டையோட குடுத்தாங்க தம்பி. பையில இருந்துச்சு."

வேலை முடியும்வரை மெயினை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பது அண்ணனின் தொழில் வழக்கம். பெற்ற பிள்ளையிடமும் தரமாட்டார். வந்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். மெயின் அணைந்திருந்தது. காதில் போட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவரைத் தெரிந்தவர்களே, அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சந்தேகத்தை மட்டும்தான். அன்று கேட்காமல் வந்திருந்தால், நாமே அவரைக் கரண்ட் வைத்துக் கொன்றிருப்போம்.