இடப்பக்கத்துப் பிரேக்

அத்தான் காலமான செய்தியைக் கொண்டுவந்தவர், கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. நல்ல செய்தி கொண்டுவருகிறவர் படலையில் நிற்கமாட்டார் என்பதால், அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விடியத் தேநீர் குடித்துவிட்டு நெஞ்சு நோகிறது என்று சாய்ந்தவர் எழும்பவில்லையாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் புறப்பட்டேன்.

அத்தான் என்று நான் சொல்வது, பண்டத்தரிப்பில் நெடுங்காலம் தபாலதிபராக இருந்த விசுவலிங்கத்தாரை. என் மூத்த அக்காவைக் கைப்பிடித்தவர். அவருடைய ஒரே மகள் மங்கையர்க்கரசி, எங்களுக்கு அரசி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் தன் தகப்பனாரைப் பற்றி நான் எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். என்ன எழுதவேண்டும் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். அதை முடிவில் சொல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். அத்தான் பெரிய பயந்தாங்கொள்ளி. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் முகம் சுளிக்கவேண்டாம். அவர் முன்னாலேயே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். இடி, நாய், ஆழக் கிணறு எல்லாவற்றுக்கும் பயம். எல்லாவற்றிலும் மேலாகத் தந்திக்குப் பயம். தபால் கந்தோரில் தந்தி வந்தால் முதலில் அவர் முகம்தான் வெளுக்கும், பிறகுதான் உரியவருடையது. கெட்ட செய்தி என்றால் தாமே கொண்டுபோவார். ஆளை ஒரு இடத்தில் இருக்கவைத்து, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் கடதாசியைக் கையில் கொடுப்பார்.

அந்தப் பயத்துக்கு அவர் ஒருமுறை பெரிய விலை கொடுத்தார். என் அக்காவுக்குத் தலைப்பிள்ளைப் பேறு. மழைக்காலம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவிச்சி சொன்னபோது அத்தான் முற்றத்தில் அரிக்கன் விளக்கோடு நின்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டி கட்ட யாரையும் அனுப்பவுமில்லை. கடைசியில் நான்தான் ஓடிப்போய் மாட்டுவண்டி பிடித்து வந்தேன். கிடுகுக் கூரை ஒழுகிய அந்த வண்டிக்குள்ளேயே அரசி பிறந்தாள். சண்டிலிப்பாய் தாண்டுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அத்தான் மறுமணம் செய்யவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், கேட்காமலே என்னிடம் சொன்னார்: "எனக்குப் பயம் வந்தாக் கை கால் ஓடாது, தம்பி. உம்மடை அக்காவைக் கொண்டுபோனது மழையில்லை."

அரசிக்குக் கலியாணம் பேசி முடிந்த கிழமை அவர் கொக்குவிலுக்கு வந்தார். எங்கள் ஒழுங்கையில் இருந்த வழக்குப் பேசும் புரொக்டர் ஒருவரின் வளவில் ஒரு பழைய கார் கிடந்தது. நாலு கதவும் தகரக் கூரையும் உள்ள செடான். அப்போது இங்கே ஓடிய கார்களில் பாதிக்கு மேல் துணிக் கூரை. மழை பெய்தால் குடை பிடிக்கவேண்டும். அத்தானுக்கு மூடிய கார்தான் வேண்டுமாம். அதற்குள் புரொக்டர் புகையிலைச் சிப்பங்களை அடுக்கி வைத்திருந்தார். நாலு சக்கரமும் காற்றில்லாமல் மண்ணில் புதைந்திருந்தன. மாட்டுவண்டியில் ஏறவே கந்தபுராணம் பாடுகிற மனிதருக்குக் கார் எதற்கு என்று கேட்டேன். அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார்.

இரண்டு எருதுகளைப் பூட்டி அதைப் பண்டத்தரிப்புக்கு இழுத்துப் போனோம். வழி நெடுகச் சனம் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் பின் ஆசனத்தைக் கழற்றியபோது உள்ளே நீளமாகப் பாம்பு கழற்றிய செட்டை ஒன்று. அத்தான் ஒரு கிழமை கார்ப் பக்கமே போகவில்லை. பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்தி, வேலையைத் தொடங்கினார்.

இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து ஊற்றி, காலையில் கந்தோருக்குப் போகுமுன் சுழற்றுகம்பியைப் போட்டு அசைத்துப் பார்ப்பார். ஒருநாள் அது மயிரிழை அசைந்தது. லீவு நாட்களில் பட்டணத்துக் கராச்சில் போய் நின்று, அவர்கள் செய்வதைப் பார்த்து வந்து தாமும் செய்வார். தவறாகப் பூட்டிய சாமான்களை எத்தனை முறை கழற்றினார் என்பது அவருக்கே தெரியாது. உக்கிய அடித்தகட்டுக்கு வேப்பம் பலகை போட்டார். பின் ஆசனத்தை எடுத்துவிட்டு, கர்ப்பிணி முழங்காலை மடித்துப் படுக்கத்தக்கதாக இலவம்பஞ்சு மெத்தை வைத்தார். எத்தனை கழுவியும் புகையிலை நாற்றம் மட்டும் போகவில்லை. எஞ்சின் முதன்முதலாக வெடித்துக் கிளம்பிய அன்று, அதைக் கிளப்பியவரே கிணற்றடிக்கு ஓடி ஒளிந்தார். நானும் அரசியும் வயிறு நோகச் சிரித்தோம்.

ஆனால் ஊரே சிரித்தது வேறொன்றுக்கு. அந்தக் காருக்குக் காலால் மிதிக்கும் பிரேக் ஒன்று, கையால் இழுக்கும் பிரேக் ஒன்று. கைப்பிரேக்கின் பிடியைக் கழற்றி, கொல்லரிடம் புதிய பிடி அடிப்பித்து, சாரதிக்கு எட்டாதபடி இடப்பக்கத்து ஆசனத்தோடு பூட்டினார் அத்தான். ஆகவே அந்தக் காரை ஒருவர் தனியாக ஓட்டமுடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் நான். ஒரு காருக்கு இரண்டு சாரதியா என்று சந்தையில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை.

இது என்ன பைத்தியக்கார வேலை என்று நானும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் பயத்திலை கல்லாய் இருந்திட்டா ஆர் நிப்பாட்டுறது? உமக்குப் பயமில்லை. நீர் இழும்."

உண்மையில் எனக்கும் பயம்தான். அவர் ஓட்டும் காரில் முன்னால் இருப்பவனுக்கு எப்படிப் பயமில்லாமல் இருக்கும்? வாயாடியாக இருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை.

அரசியின் கணவருக்குக் கொழும்பில் எழுதுவினைஞர் வேலை. தலைப்பிள்ளைப் பேற்றுக்கு அவள் தகப்பன் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில்தான் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ரயில் நிறையச் சனம் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பியது. மருமகனிடமிருந்து கடிதம் இல்லை. தபால் பையை அவிழ்க்கும்போது அத்தானின் விரல்கள் படும் பாட்டைப் பார்க்கமுடியாது. பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கிடைத்ததைத் தொடாமல் காரிலேயே ஊற்றி வைத்திருந்தார். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் நானும் அங்கேயே தங்கிவிட்டேன். நான் இல்லாமல் கார் அசையாதே.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை டயரை அமத்திப் பார்ப்பார், கதவைத் திறந்து மூடுவார், மெத்தையைத் தட்டுவார். இதையெல்லாம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அரசிக்கு அந்தப் பயம் முழுவதும் தொற்றிவிட்டது. ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்:

"நான் உதுக்குள்ளை படுத்துக்கொண்டு போகமாட்டன் மாமா. போனா அம்மா மாதிரித்தான் திரும்பி வருவன்."

அத்தான் கதவுக்கு வெளியே நின்றதை அவள் காணவில்லை. நான் கண்டேன். அன்றைக்குப் பிறகு அவர் டயரைத் தொடவே இல்லை.

நோவு கண்டது ஒரு சந்தை நாள் காலையில். மருத்துவிச்சி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். தாய்க்கு நடந்ததுதான் மகளுக்கும், பிள்ளை குறுக்கே. அரசி கதவுநிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதாள். அத்தான் இன்னொரு முறை முற்றத்தில் உறைந்துபோவார் என்றே நினைத்தேன். அவரோ, கந்தோருக்குப் போகிறவர் போலச் சட்டை போட்டு வந்து நின்றார்.

"வாறியே பிள்ளை? பெற்றோல் கூப்பன் இந்தக் கிழமையோடை முடியுது. பிறகு நடந்துதான் போகோணும்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுநிலையிலிருந்து கை விடுபட்டது.

சண்டிலிப்பாய் தாண்டியதும் காருக்கு அடியில் 'டக்' என்றது. பிறகு தெருவில் இரும்பு இழுபடும் சத்தம். அத்தான் கண்ணால் தம் காலைக் காட்டினார். பிரேக் மிதி தரையோடு தரையாகக் கிடந்தது. கால் பிரேக்கின் கம்பி அறுந்துவிட்டது. நின்று பார்க்க நேரமில்லை; பின்னால் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, சந்திகளிலை நீர் பிடியும். எனக்குக் கால் உளையுது" என்றார், சும்மா சொல்வதுபோல.

"என்னப்பா சத்தம்?" என்று அரசி கேட்டாள்.

"பின்னாலை கட்டின வாளி பிள்ளை. உன்ரை மாமா கட்டின கட்டு, பின்னை எப்பிடி இருக்கும்?"

மருதனார்மடச் சந்தியில் சந்தை கூடியிருந்தது. கடகங்கள், வண்டிகள், குறுக்கே வந்த ஒரு மாடு. அத்தான் ஹோர்னை அடித்தார், மாடு அசையவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடியை இழுத்தேன். கார் கிறீச்சிட்டு ஒரு பக்கமாகத் திரும்பி, மாட்டின் வயிற்றை முட்டாத குறையாக நின்றது. அவர் திரும்பிப் பாராமல், இந்த முறை கத்தரிக்காய் நல்லாய் வந்திருக்கு, மருமகனுக்குச் சட்டி நிறையச் சமைக்கலாம் என்று மகளிடம் கதைத்துக்கொண்டிருந்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கிடந்தது. இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. குரல் மட்டும் கந்தோரில் முத்திரை விற்கிறவரின் குரல்.

மிஷன் ஆசுபத்திரியில் தாதிமார் அவளை உள்ளே தூக்கிப்போன பிறகும் அத்தான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக விடுவித்தேன். பிறகு கார்க்கதவில் சாய்ந்து நின்று, குடித்த தேநீரெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார். மத்தியானம் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள். அடுத்த கிழமை மருமகனின் கடிதமும் வந்தது.

"அவளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார் அத்தான். "தெரிஞ்சா அடுத்ததுக்கு ஏறமாட்டாள்."

அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் அவள் அதே காரில்தான் போனாள், பயமில்லாமல்.

செத்தவீட்டில் அரசி வந்தவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லி அழுதாள்: "அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பயம். அண்டைக்கு மட்டும் அவர் பயப்பிடேல்லை." கல்வெட்டில் எழுதச் சொல்லி அவள் கேட்டதும் அதுதான். பிள்ளை, அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. இனி நீ தெரிந்துகொள்ளலாம். காருக்குப் பின்னால் வாளி எதுவும் கட்டியிருக்கவில்லை. உன் தகப்பனார் தம் வாழ்நாளில் அன்றைக்குப் பயந்ததுபோல என்றும் பயந்ததில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

சுடலையில் கொள்ளி வைத்தவன், அன்று பிறந்த அந்தப் பேரன். ஆறேழு வயதுப் பிள்ளை. நெருப்பைக் கையில் கொடுத்ததும் பின்வாங்கி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்புவுக்குச் சுடுமோ?" என்று கேட்டான்.

அக்காவையும் எரித்த சுடலை அது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

"சுடாது ராசா. அப்பு நல்ல நித்திரை. வா, ரெண்டுபேருமாய் வைப்பம்" என்றேன். என் குரல் தளம்பவில்லை. பிள்ளை என்னை நம்பிக் கையை நீட்டினான்.

அத்தான், அப்படிக் கதைக்க நான் வேறு யாரிடம் பழகினேன்? நீங்கள் ஆறுதலாகப் போங்கள்.