பானை மூடியின் வேர்

கைப்பேசியில் ஓடிய காணொளியில் ஒரு கொழும்பு மேதாவி, உலகம் கவனிக்கத் தவறிய திருகோணமலை ரொக் குழுவொன்றைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டிருந்தார். அது என் சின்ன மாமாவின் குழு. "இடையிடையே வரும் இந்த உலோகத் தாளத்தின் வேர் ஆபிரிக்காவில் இருக்கிறது" என்றார்.

வேராவது விழுதாவது! அது எங்கள் குசினியில் முளைத்தது. அந்தக் காலத்தில் ஒருநாள் மாமாவும் கூட்டாளிகளும் முன்னறையில் கிற்றாரை அலறவிட்டுக் கசெற்றில் பதிந்துகொண்டிருந்தார்கள். சூடைமீன் பொரியும் புகைக்குள்ளிருந்து அம்மா அகப்பையால் பானை மூடியில் அடித்தடித்துக் கத்தினார்: "நிப்பாட்டுங்கோடா, தலை வெடிக்குது!" மாமா நிறுத்தவில்லை, அம்மாவும் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் தாளம் பிசகாமல் அடித்தது அம்மா மட்டுந்தான்.

மேதாவி விடவில்லை. "இந்த அடியில் அடக்கப்பட்ட மக்களின் கோபம் கேட்கிறது."

பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா சொன்னார்: "விசரன். கோபம் எண்டது மட்டும் சரி. அண்டைக்கு மீன் கருகிப்போச்சு."